வெறுங்காது

ஒரு பாட்டு கிளாசிக்கா இல்லையா என்று அடித்துக்கொள்வதற்காகவே வீடு வாசல், பிள்ளை குட்டி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியேறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். பல் டாக்டர் நந்தகோபாலின் கிளினிக் மாடியில் கூடுகிற அந்தச் சங்கத்துக்குப் பெயர் 'நூத்தி முப்பத்தெட்டு'. நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு அடி விழுந்தால்தான் அது டிரான்ஸ், மற்றதெல்லாம் கல்யாண ஊர்வல பேண்டு என்பது டாக்டரின் கட்சி. அந்தக் கட்சியை எதிர்த்தே ஒரு வருடம் சண்டை நடந்தது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

டிரான்ஸில் பெரும்பாலும் பாடல் வரி இருக்காது. திம் திம்மென்று ஒரே சீராக அடி விழுந்துகொண்டிருக்கும். நடுவில் அடி சட்டென்று நின்று, சுரம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். அதற்குச் சங்கத்தில் 'மிதப்பு' என்று பெயர். மிதப்பு வந்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அடி திரும்பி விழும்வரை திறக்கக் கூடாது. திறந்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பக்திமான்கள் தீபாராதனைக்குக்கூட இத்தனை ஒழுங்காகக் கண் மூட மாட்டார்கள்.

அன்றைக்குச் சண்டை 'பேப்பர் லைட்ஹவுஸ்' என்ற பழைய பாட்டைப் பற்றி. கிளாசிக் என்று சங்கம் ஒப்புக்கொண்ட பாட்டைச் 'சபையேறியது' என்பார்கள்.

"பேப்பர் லைட்ஹவுஸ் சபையேறாம இந்தச் சங்கம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார் கிளமென்ட். கண்ணாடிக் கடைக்காரர்; சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர். எதற்கும் குரல் உயர்த்தாதவர், இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் எழுந்து நின்று பேசுவார்.

"பழசா இருந்தாப் போதுமா, கிளாசிக் ஆயிடுமாங்ண்ணா?" என்றாள் ஷர்மிளா. "மிதப்பு நெம்ப நீளம். வெறும் ஜவ்வு."

"ஜவ்வா!" பேக்கரி ஹாரிஸ் கையிலிருந்த தேங்காய் பன்னைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, அந்த வார்த்தையத் திரும்ப வாங்குங்க. ஆம்பர் டைட் பாட்டுக்கு அப்புறம் அப்படி ஒரு மிதப்பு வந்ததே இல்ல."

"வாங்க மாட்டேன். கிளமென்ட் அண்ணனுக்குப் புல்லரிக்குதுன்னா அதுக்குப் பாட்டு காரணமில்ல. அவர் அங்க தினகரைக் கேக்குறார்."

தினகர் ஷர்மிளாவின் புருசன். கிளமென்ட்டின் உயிர்ச் சிநேகிதன். சங்கத்தை ஆரம்பித்ததே அவர்கள் இருவரும் டாக்டரும்தான். நாலு வருடத்துக்கு முன்னால் கொடைக்கானல் மலைப்பாதையில் பைக் வளைவில் பாய்ந்து தினகர் செத்துப்போனார். தினகர்தான் ஓட்டினார், வேகம் அதிகம், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று கிளமென்ட் எல்லோரிடமும் சொன்னார். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் தினகருக்கு உயிர் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் கிளமென்ட் ஒருவர்தான்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, தினகர் என்ன பேசினார், தன்னைக் கேட்டாரா, இதைத்தான் ஷர்மிளா நாலு வருடமாகக் கேட்கிறாள். கிளமென்ட் வாயைத் திறப்பார், "இன்னொரு நாள் சொல்றேன் ஷர்மி" என்று எழுந்து போய்விடுவார். பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. மோட்டார் ஓடுகிற சத்தத்தில் எங்கே கோளாறு என்று சொல்கிறவளுக்கு, சொந்தப் புருசனின் கடைசி மணி நேரம் தெரியாது. அவள் சங்கத்துக்கு வரத் தொடங்கியதே அதற்காகத்தான். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அந்த மனிதர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். அதுவரை தினகர் மேல் கோபம். பொண்டாட்டியை நினைத்துப் பார்க்காமல் வண்டியை முறுக்கியவர் படத்துக்கு மாலை ஒரு கேடா என்று, படத்தையே அவள் மாட்டவில்லை.

கிளமென்ட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரி," என்றார். "நான் வெறுங்காது ஆகிக்கிறேன்."

ஹாரிஸ் கைதட்டினான். டாக்டர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

வெறுங்காது என்பது சங்கத்தின் சட்டம். ஒரு பாட்டு உண்மையிலேயே கிளாசிக்கா, அல்லது நம்முடைய இளவயசு ஞாபகத்தின் கூத்தா என்று எப்படித் தெரியும்? அந்தப் பாட்டின் மேல் உசுராக இருக்கிறவர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டு, புதுக் காதோடு ஒரு முறை கேட்க வேண்டும். கையில் கட்டிய சிலிர்ப்புப் பட்டை புல்லரிப்பைக் காட்டினால் பாட்டு சபையேறும். மறப்பதற்கு மருந்து இருக்கிறது. விபத்திலும் வன்முறையிலும் சிக்கித் தூக்கம் இழந்தவர்களுக்காக வந்த வைத்தியம் அது. நம் ஆட்கள் அதைப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹாரிஸ் ஆம்பர் டைட்டுக்காகத் துடைத்துக்கொண்டு வந்தபோது, கூடவே அவன் படித்த காலேஜ் கேன்டீன்காரர் பெயரும் போய்விட்டது. டாக்டருக்கு முதல் ஸ்கூட்டரின் நிறம் போனது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேன்டீன்காரர் பெயர்தானே, ஸ்கூட்டரின் நிறம்தானே என்று இருந்தது அப்போது.

இன்னொரு சட்டமும் உண்டு. பாட்டை எதிர்க்கிறவர்தான் சாட்சியாகக் கூடப் போக வேண்டும். ஆக வியாழக்கிழமை காலையில் ஷர்மிளாவே ஆட்டோ பிடித்து கிளமென்ட்டை மறதி மருந்து ஏற்றுகிற மையத்துக்கு அழைத்துப் போனாள். விபத்துக்கு அப்புறம் கிளமென்ட் பைக்கைத் தொட்டதில்லை. யாராவது பின்னால் ஏறச் சொன்னால்கூட நடந்தே வருகிறேன் என்பார். பாவம், பயந்துபோய்விட்டார் என்று ஊரே பேசியது.

அந்த மையத்தில் மருந்தேற்றுகிறவள் ஃபர்ஸானா என்ற பெண். சின்ன வயசு, பொறுமையாகப் பேசுவாள். கிளமென்ட் உடை மாற்றப் போயிருந்தபோது ஷர்மிளா அவளிடம் கேட்டாள். "இது எப்படித்தான் வேலை செய்யுதுங்க? இத்தன பேர் வந்துட்டுப் போறோம், ஒருத்தரும் கேட்டதில்ல."

"ஞாபகங்கிறது சுவத்துல அடிச்ச பெயிண்ட் மாதிரிங்க்கா," என்றாள் ஃபர்ஸானா. "ஒவ்வொரு தடவ நெனச்சுப் பாக்கறப்பவும் அது மறுபடி ஈரமாகுது. காயறதுக்குள்ள இந்த மருந்து உள்ள போயிட்டா திரும்ப ஒட்டாது. அதனால பாட்டப் போட்டுட்டு மருந்து ஏத்துவோம். கேக்கறப்ப மனசுல எதெல்லாம் மேல வருதோ, அதெல்லாம் கழுவிட்டுப் போயிடும்."

"எதெல்லாம்னா? பாட்டு மட்டுந்தானே?"

"பாட்டோட ஒட்டிட்டு இருக்கிறதும் போகுங்க்கா. அது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஒண்ணுமே ஒட்டியிருக்காது. சிலருக்குக் கொத்தா வரும். சாருக்கு எல்லாம் விவரமாச் சொல்லியாச்சு. நேத்தே தனியா வந்து கேட்டுட்டுப் போனாரே."

பேப்பர் லைட்ஹவுஸில் கிளமென்ட்டுக்கு என்ன ஒட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே தன் வாயால் சொன்னதுதானே. எழுந்து உள்ளே ஓடினாள். கிளமென்ட் பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ண்ணா, ஒரு நிமிசம். உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அந்த ஒரு மணி நேரம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அது உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு."

கிளமென்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை. அவள் தலையில் கை வைத்தார், சொந்தத் தங்கச்சி தலையில் வைப்பதுபோல.

"வெளிய வந்து சொல்றேன் ஷர்மி. இன்னைக்குக் கண்டிப்பாச் சொல்றேன்."

நம்பினாள். கம்பெனியில் ஒரு போல்ட்டைக்கூட நம்பாமல் இரண்டு முறை சோதிக்கிறவள், அந்த வார்த்தையை அப்படியே நம்பி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்றைக்குத் தெரிந்துவிடும். கேட்டுவிட்டு அழக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கிளமென்ட் வெளியே வந்தபோது பத்து வயசு குறைந்திருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர் முகத்தில் இருக்கிற தெளிவு. தோள்கூட நிமிர்ந்துவிட்டது. அவளைப் பார்த்துச் சிரித்தார். வேற்று ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மரியாதைச் சிரிப்பு.

"ஏனுங் மேடம், நீங்களும் நம்ம சங்கந்தானே? பேரு... ஷர்மிளா. சரிதானுங்களே? நெம்ப நேரம் காக்க வச்சுட்டனா?"

மேடம்! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்தன்று 'ஏ ஷர்மி, எங்காளு கிட்ட ஜாக்கிரதை' என்று பந்தியில் கேலி செய்தவர், பதினோரு வருடமாக 'நீ வா போ' என்று பேசியவர், மேடம் என்கிறார். நீங்க என்கிறார்.

"ண்ணா, விளையாடாதீங்க. வெளிய வந்து சொல்றேன்னீங்க."

"என்ன சொல்றேன்னேனுங்க?"

"தினகரைப் பத்தி."

கிளமென்ட் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கி, உதவ வேண்டுமே என்ற அக்கறையோடு. "தினகருங்களா? நம்ம சங்கத்துல அப்படி யாரும் இல்லீங்களே. யாருங்க அவரு?"

ஷர்மிளா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, நேராக ஃபர்ஸானாவிடம் போய் மேசையைத் தட்டிக் கத்தினாள். "ஒரு பாட்டத் துடைக்கச் சொன்னா ஆளையே துடைச்சுட்டீங்களா? முப்பது வருசச் சிநேகிதம்! திரும்பக் கொண்டு வாங்க! இப்பவே கொண்டு வாங்க!"

"வராதுங்க்கா." அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "நீங்க கதையாச் சொல்லலாம். ஆனா அவருக்கு அது வேற யாருக்கோ நடந்த மாதிரிதான் இருக்கும். மனசு குழம்பிப்போவார். கொஞ்ச நாளைக்கு யாரும் சொல்லாம இருக்கிறது நல்லது."

"இப்படி ஆகும்னு அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேங்க்கா. நேத்து அவரே கேட்டார். அந்த ஒரு ஆள் முழுசாப் போயிடுவாரா, அந்த நாள் முழுசாப் போயிடுமான்னு கேட்டார். பாட்டு நடக்கறப்ப நீங்க அதையே நெனச்சுட்டு இருந்தா போக வாய்ப்பு இருக்கு சார்னு சொன்னேன். அதுக்கு அவர்..." அவள் தயங்கினாள்.

"அதுக்கு?"

"'அப்பச் சரி'ன்னார்."

ஷர்மிளா திரும்பிப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் கிளமென்ட் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்தபடி காலண்டர் படத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "ஐயையோ," என்றார் டாக்டர். "நான் ஸ்கூட்டர் கலரைத்தானேம்மா மறந்தேன். இதென்ன, ஆளையே! நம்ம தினகரையா!" கொஞ்ச நேரம் அழுதார். மூக்கைச் சிந்திவிட்டுப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் ஷர்மிளா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். "போனது போச்சு. கொடுத்த விலை கொடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டாவது ஒழுங்கா நடக்கட்டும். இல்லாட்டி அவன் பண்ணுனது வீணாப் போயிடும்மா."

இவர்களையெல்லாம் என்ன சொல்வது! வீடு பற்றி எரிகிறபோதும் எந்தச் சுருதியில் எரிகிறது என்று கேட்பார்கள்.

ஏன் 'அப்பச் சரி' என்றார்? இரண்டு நாள் ஷர்மிளா இதையே மென்றாள். துக்கம் தாங்காமலா? துக்கம் அவளுக்கும்தான் இருந்தது. தன்னிடம் சொல்லக் கூடாத எதையோ தினகர் சொல்லிவிட்டுச் செத்தாரா? வேறு பெண் யாராவது? நினைக்க நினைக்க நெஞ்சு கொதித்தது. கிளமென்ட்டைச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்றால், உலுக்குவதற்கு உள்ளே ஆள் இல்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மாடியேறினாள்.

மாடி நிறைந்திருந்தது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் தினகர் பேச்சை எடுக்கக் கூடாது என்று டாக்டர் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார். கிளமென்ட் நடு நாற்காலியில் புது மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். ஹாரிஸ் அவர் கையில் பட்டையைக் கட்டினான்.

"என்ன பாட்டுன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றார் கிளமென்ட் ஆசையாக.

"கேளுங்ண்ணா, கேளுங்க. சொல்லிட்டா வெறுங்காது எப்படி?" என்றான் ஹாரிஸ்.

பாட்டு தொடங்கியது. திம் திம் திம். ஷர்மிளா அவருக்கு எதிரே, சாட்சி உட்காருகிற இடத்தில் இருந்தாள். முதலில் கிளமென்ட் பாதத்தால் தாளம் போட்டார். அடுக்கடுக்காகச் சுரங்கள் ஏறின. அவர் புருவம் உயர்ந்தது. 'அட, இது யாரு, இது எங்கே இருந்தது இத்தனை நாள்' என்று முகம் கேட்டது. அப்புறம் அடி நின்றது. மிதப்பு வந்துவிட்டது.

வழக்கம் வழக்கம்தான். மாடியில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். கிளமென்ட்டும் மூடினார். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. முகத்தில் சிரிப்பு பரவியது. ஷர்மிளா ஒருத்திதான் மூடவில்லை. தினகர் போனதிலிருந்து இந்த ஒரு பாட்டின் மிதப்பில் அவளால் கண் மூட முடிந்ததில்லை. அதற்கென்று எத்தனையோ முறை டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அதனால் அவள் பார்த்தாள்.

மிதப்பின் கடைசியில், அடி திரும்பி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், கிளமென்ட்டின் வலது கை மெல்ல முன்னே நீண்டது. கீபோர்டு வாசிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். வாசிக்கிற விரல்கள் தனித்தனியாக ஆடும். இந்தக் கையில் நாலு விரலும் சேர்ந்தாற்போல் மடங்கி, இல்லாத எதையோ வெடுக்கென்று பிடித்து இறுக்கின. அதே நொடியில் வலது பாதம் தரையை ஓங்கி மிதித்தது. மிதித்து அப்படியே அழுத்திக்கொண்டு நின்றது, தொடை நடுங்க. தோள் இரண்டும் பின்னால் சாய்ந்தன. முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உடம்புக்குத் தெரிந்திருந்தது.

வலது கையில் பிரேக். வலது காலில் பிரேக். பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எங்கே இருக்கிறது பிரேக்? பின்னால் இருக்கிறவன் முன்னால் இருப்பவன் தோளைப் பிடிப்பான், இடுப்பைப் பிடிப்பான். இந்த உடம்பு வண்டி ஓட்டியிருக்கிறது. இந்தப் பாட்டு காதில் ஓட, மிதப்பு வர, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வளைவில் வண்டி ஓட்டியிருக்கிறது. எங்கே போனாலும் ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதாகப் போட்டுக்கொண்டு போகிறவர்களாயிற்றே இருவரும்! தினகர் பின்னால் இருந்தார். அவரும் கண்ணை மூடியிருப்பார்.

நாலு வருடம். நாலு வருடமாகச் செத்த மனிதரைத் திட்டியிருக்கிறாள். பொண்டாட்டியை நினைக்காத பாவி என்று படத்தை மாட்டாமல் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறாள். ஐயோ தினகர், ஐயோ என்று உள்ளுக்குள் ஓலம் எழுந்தது.

அடி திரும்பி விழுந்தது. எல்லோரும் கண் திறந்தார்கள். பட்டையின் விளக்கு சிவந்து எரிந்தது.

"ஏறிடுச்சு! சபையேறிடுச்சு!" ஹாரிஸ் துள்ளினான். "இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இப்படி ஏறுனதில்ல!" கிளமென்ட்டைத் தூக்காத குறை. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன பாட்டுங்க இது!" கிளமென்ட் தன் முழங்கையைத் தடவிப் பார்த்து வியந்தார். மயிர் குத்திட்டு நின்றது. "உசுரே போயிட்டு வந்த மாதிரி இருக்கு. இத இத்தன நாள் எங்கிட்ட மறைச்சு வச்சிருந்தீங்களா? பாவிங்களா!"

"ஷர்மிளா," என்றார் டாக்டர் தயவாக, "சாட்சி சொல்லணும்மா. ஒத்துக்கிறியா?"

அவள் கிளமென்ட்டின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளமென்ட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பினார். "ஹாரிஸ், உன்ற புது வண்டி சாவியைக் குடு. இத இங்க உக்காந்து கேக்கக் கூடாது. காதுல மாட்டிட்டு மருதமலை ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாத்தான் மனசு ஆறும்."

"ண்ணா..." ஹாரிஸ் விழித்தான். "நீங்கதான் வண்டியே தொட மாட்டீங்களே."

"யாரு சொன்னா? ஏன் தொட மாட்டேன்?" கிளமென்ட் சிரித்தார். உண்மையிலேயே அவருக்குக் காரணம் தெரியவில்லை. ஹாரிஸுக்குக் காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. பேசாமல் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பயமெல்லாம் தெளிஞ்சிடுச்சு பாருய்யா!" டாக்டர் குதூகலமாகிவிட்டார். அறுபத்தெட்டு வயசு மனிதர், இயர்போனைத் தேடி எடுத்துவிட்டார். "நானும் வரேன். பின்னாடி உக்காந்துக்கிறேன். ஆளுக்கொரு காது!"

ஷர்மிளா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. மேசைமேல் இருந்த சாவியைப் பறித்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"பாட்ட நிறுத்துங்க," என்றாள். "ஹாரிஸ், நிறுத்து. கிளமென்ட் அண்ணா, உக்காருங்க."

"மேடம், சாவி..."

"உக்காருங்கன்னு சொன்னேன்!"

அவர் உட்கார்ந்தார். டாக்டர், "ஷர்மிளா, வேண்டாம்மா, அந்தப் பொண்ணு சொல்லக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார்," என்றாள். "பேரு தினகர். எம்புருசன். ஒண்ணாம் வகுப்புல இருந்து உங்ககூடப் படிச்சவர். இந்தப் பாட்ட முதமுதல்ல உங்களுக்குக் கேக்க வச்சதே அவர்தான்."

சொன்னாள். தெரிந்ததையெல்லாம் சொன்னாள். கிளமென்ட் பக்கத்து வீட்டுக்காரர் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார். மலைப்பாதை வந்தது, வளைவு வந்தது, ஆம்புலன்ஸ் வராத ஒரு மணி நேரம் வந்தது. "அடப் பாவமே," என்றார். நெஞ்சாரச் சொன்னார், யாரோ ஒருவருக்காக. ஷர்மிளாவுக்கு வெட்டிப்போட்டதுபோல் இருந்தது.

"ஓட்டுனது அவர்னு நீங்க சொன்னீங்க. நாலு வருசம் நான் நம்புனேன். பின்னாடி உக்காந்திருந்தது அவர். ஓட்டுனது நீங்க."

"நானா?" கிளமென்ட் சிரிக்கப் பார்த்தார். சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "இல்லீங் மேடம். எப்படிச் சொல்றீங்க?"

"இப்பப் பாத்தேன். மிதப்பு முடியறப்ப உங்க கை பிரேக்கப் பிடிச்சுது. கால் பிரேக்க மிதிச்சுது. அன்னைக்கும் இந்தப் பாட்டுதான் உங்க காதுல ஓடியிருக்கும். இவங்க எல்லாரும் கண்ண மூடிட்டிருந்தாங்க. நான் மூடல."

கிளமென்ட் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார். அந்தத் தெளிந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. நினைவு வரவில்லை, வராது. ஆனால் நம்பிவிட்டார். அது அவர் கண்ணில் தெரிந்தது.

"கண்ண மூடிட்டா ஓட்டுனேன்?" என்றார். "அவர்... அவர் கத்துனாருங்களா? அந்த ஒரு மணி நேரமும் வலி இருந்துச்சா? எங்கிட்ட என்ன சொன்னாரு? உங்களைக் கேட்டாரா? என்னை ஏதாவது..." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சொல்லுங்க மேடம். தெரியாம இருக்க முடியாதுங்க. அவர் கடைசியா என்ன சொன்னாரு?"

ஷர்மிளா அவரைப் பார்த்தாள். நாலு வருடமாக அவள் கேட்ட கேள்விகள், ஒன்று விடாமல், அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன.

"எனக்குத் தெரியாதுங்ண்ணா," என்றாள். "தெரிஞ்ச ஒரே ஒருத்தர் வியாழக்கிழமை காலைல வரைக்கும் இருந்தார். நான்தான் ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன்."